தேரை, திருடி, தேவதை: சீனத்து அறுவடை நிலவின் கதைகள்

1635இல் பெய்ஜிங் நகரைப் பற்றி வெளிவந்த நூல் ஒன்று, சீனச் சந்திர நாள்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், நிலவு விழா இரவில் வீட்டு முற்றத்தில் மேசை எப்படிப் போட்டார்கள் என்று விவரமாகச் சொல்கிறது. படைக்கிற பழமும் பணியாரமும் வட்டமாகவோ உருண்டையாகவோதான் இருக்க வேண்டும். தர்பூசணியை ஒரே வீச்சில் இரண்டாகப் பிளக்கக் கூடாது. கத்தி முனையைப் பல் பல்லாகக் கோணல்மாணலாக இறக்கி, சுற்றி வந்து பிரித்தால், இரண்டு பாதியும் தாமரை விரிந்த மாதிரி இருக்கும். காகிதக் கடைகளில் ‘நிலவொளித் தாள்’ விற்பார்கள். சின்னது மூன்று அங்குலம், பெரியது ஆளுயரத்தையும் தாண்டும். அதில் மேலே தாமரையில் அமர்ந்த நிலவொளிப் போதிசத்துவர். கீழே வட்ட நிலவு, அதற்குள் ஒரு மாளிகை. அங்கே மனிதனைப் போல நிமிர்ந்து நின்று, உரலில் மருந்து இடிக்கிறது ஒரு முயல். நிலவு எழும் திசை பார்த்து வணங்கி முடித்ததும் தாளை எரித்துவிட வேண்டும். படைத்ததில் வீட்டிலிருக்கும் அத்தனை பேருக்கும் பங்கு போக வேண்டும், ஒருவரும் விடுபடக் கூடாது.

அந்தத் தாளில் சாங்-அ இல்லை.

இன்றைக்கு இந்த விழாவின் பண்டமான நிலாக் கேக் டப்பா எதை எடுத்தாலும் மூடியில் பட்டாடை பறக்க மிதந்துகொண்டிருக்கும் பெண் அவள்தான். நம் செய்தித்தாள்கள் சீன விண்கலத்தைப் பற்றி எழுதும்போது ‘சாங்கே’ என்று அச்சிடுகிற பெயரும் அவளுடையதே. இந்த விழாவே அவளுக்காகத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் விழா ஒரு வழியில் வந்தது, அவள் கதை வேறு வழியில் வந்தது. இரண்டும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டது பிற்பாடு. அவளுக்கு முன்பே மேசையில் இடம் பிடித்தவை முயலும் மரமும் கிழங்கும்.

முதலில் நாள் கணக்கு. விழாவின் சீனப் பெயர் சொங்-சியூ, ‘இலையுதிர்காலத்தின் நடு’. ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மாதமும் இலையுதிர்காலம். எட்டாம் மாதம் நடுவில் வருகிறது, அந்த மாதத்தின் நடுநாள் பதினைந்து. ஆங்கில நாள்காட்டியில் இது செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை எங்கே வேண்டுமானாலும் விழும். 2024இல் செப்டம்பர் 17. 2025இல் ஆறாம் மாதம் இரட்டித்து வந்ததால் அக்டோபர் 6 வரை தள்ளிப்போனது. நம் பௌர்ணமி திதியைப் பார்த்து முடிவாவது. அவர்களுக்கு அமாவாசை எந்த நாளில் நிகழ்கிறதோ அது முதல் நாள், அங்கிருந்து எண்ணினால் பதினைந்து. அதனால் நிலவு முழுமை அடையும் கணம் பதினாறுக்கோ பதினேழுக்கோ நழுவிவிடும். ‘பதினைந்தின் நிலவு பதினாறில்தான் வட்டம்’ என்று சீனத்தில் ஒரு வழக்கே உண்டு. ‘பௌர்ணமிக்கு முந்தின நாளே கொண்டாடிவிட்டார்களே’ என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இந்த நிலவுக்கென்று ஒரு தனிக்குணமும் உண்டு. நிலவு சராசரியாக ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கும். இலையுதிர்காலச் சமநாளை ஒட்டிய பௌர்ணமியில் மட்டும், அதன் பாதை கிழக்கு அடிவானத்தோடு மிகச் சாய்வாக இருப்பதால், பெய்ஜிங் இருக்கிற 40 பாகை வடக்கில் அந்தத் தாமதம் அரை மணி அளவுக்குக் குறைகிறது. சூரியன் இறங்குகிற கையோடு நிலவு ஏறும், அதுவும் அடுத்தடுத்துப் பல மாலைகளுக்கு. கதிர் அறுக்கிறவனுக்கு அது கூலி கேட்காத விளக்கு. தெற்கே வர வர இந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

*

கதைக்கு வருவோம். 1993இல் ஹூபெய் மாநிலத்தில் வாங்ஜியாதாய் என்ற இடத்தில் ச்சின் காலத்து (கி.மு. மூன்றாம் நூற்றாண்டு) கல்லறை ஒன்றிலிருந்து மூங்கில் சுவடிகள் கிடைத்தன. குறி சொல்வதற்கான சுவடிகள் அவை. அவற்றில் ஒரு வரி: ஹங்-அ என்பவள் சாகா மருந்தைத் திருடிக்கொண்டு நிலவுக்கு ஓடினாள். பிறகு கி.மு. 139இல் இளவரசன் லியூ ஆன் பேரரசருக்குச் சமர்ப்பித்த ‘ஹுவாய்நான்ஸி’ தொகுப்பில் அதே கதை கொஞ்சம் நீள்கிறது. யீ என்ற வில்லாளி மேற்குத் தாயரசியிடம் சாகா மருந்து கேட்டு வாங்கி வருகிறான். ஹங்-அ அதைத் திருடி நிலவுக்குப் போகிறாள். அவன் இழந்ததை நினைத்து வெறுமையில் நிற்கிறான், மீண்டும் அதைப் பெற வழியில்லை. அவ்வளவுதான். ஏன் திருடினாள், நல்லவளா கெட்டவளா, ஒன்றும் இல்லை. ஹங் என்பது ஹான் பேரரசர் ஒருவரின் இயற்பெயரும் ஆனதால் அந்த எழுத்தைப் புழங்கக் கூடாது என்று ஆனது. அப்படித்தான் ஹங்-அ, சாங்-அ ஆனாள்.

இரண்டாம் நூற்றாண்டில் சாங் ஹெங் என்ற வானியலாளர், நிலநடுக்கத்தைக் காட்டும் கருவி செய்தவர், கதைக்கு ஒரு வால் சேர்த்து எழுதிவைத்தார். கிளம்பும் முன் அவள் குறி கேட்கிறாள். ‘பயப்படாதே, போ, பின்னால் பெருவாழ்வு உண்டு’ என்று வருகிறது. போய் நிலவில் தங்குகிறாள். தங்கியவள் தேரையாகிவிடுகிறாள்.

ஆம், தேரைதான். இதைத் திருட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று படிப்பது எளிது. ஆனால் தேரை அவளுக்கு முன்பே நிலவில் குடியிருந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. 1972இல் சாங்ஷா அருகே மாவாங்துய் கல்லறையைத் திறந்தபோது ஒரு பிரபுவின் மனைவியின் சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்த பட்டுத் துணி கிடைத்தது. கி.மு. 168ஐ ஒட்டிய காலம், நீளம் 205 செ.மீ. மேல் மூலையில் ஒரு பக்கம் சிவப்புச் சூரியன், அதற்குள் காக்கை. மறுபக்கம் பிறை நிலவு, அதன்மேல் ஒரு பெரிய தேரை, பக்கத்தில் தாவும் முயல். பிறைக்குக் கீழே கை நீட்டிப் பறக்கும் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவள் சாங்-அவா, செத்துப்போன சீமாட்டியின் ஆன்மாவா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. தேரையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய்ச் செத்தது போலக் கிடந்து, வெயில் வந்ததும் எழுந்து வருகிற பிராணி. தேய்ந்து மறைந்து மீண்டும் வருகிற நிலவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை ஏது? சாகா மருந்தும் அதே எண்ணத்தில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

கணவன் யீயின் கதை இன்னும் பழையது, நிலவோடு அதற்கு முதலில் ஒட்டே இல்லை. கிழக்குக் கடலில் ஃபூசாங் என்ற பெருமரம். அதில் பத்துச் சூரியன்கள். ஒன்பது கீழ்க்கிளையில் காத்திருக்கும், ஒன்று மேல்கிளையில் இருக்கும், முறை வைத்து நாளுக்கொன்றாக வானேறும். பழைய சீனாவில் வாரம் என்பது பத்து நாள். அந்தப் பத்து நாட்களுக்குத்தான் பத்துச் சூரியன்கள். யாவ் மன்னன் காலத்தில் முறை தப்பிப் பத்தும் ஒன்றாகக் கிளம்பின. பயிர் கருகியது, புல் காய்ந்தது. யீ அம்பெய்து ஒன்பதை வீழ்த்தினான். சூரியனுக்குள் காக்கை உண்டென்பதால், விழுந்தவை கருப்புச் சிறகுகளாக உதிர்ந்தன என்று சொல்வார்கள். மாவாங்துய் பட்டிலும் மரக்கிளைகளில் சூரியன்களைக் காணலாம். அங்கே பெரியதும் சிறியதுமாக எண்ணினால் ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது எங்கே என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பாடப்புத்தகத்தில் வரும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இருவர் குடித்தால் சாகாவரம், ஒருவரே குடித்தால் வானுக்கு ஏறிவிடுவார் என்ற அளவில் மருந்து கிடைக்கிறது. மனைவியைப் பிரிய மனமில்லாத யீ அதைக் குடிக்காமல் அவளிடம் கொடுத்து வைக்கிறான். அவன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்துச் சீடன் பெங் மெங் வாளோடு வருகிறான். கயவன் கைக்கு அது போகக் கூடாதென்று சாங்-அ முழுவதையும் விழுங்கி மிதந்து போகிறாள். திரும்பிவந்த யீ அவளுக்குப் பிடித்த பழங்களைத் தோட்டத்து மேசையில் வைத்து நிலவைப் பார்த்து நிற்கிறான். அதிலிருந்துதான் நிலவுக்குப் படையல் என்று கதை முடியும். உருக்கமான கதை. ஆனால் புதிய தையல். பெங் மெங் பழைய ஆள்தான், வில் கற்றுக்கொண்ட பின் தன்னைவிடச் சிறந்தவன் குரு ஒருவன்தான் என்று குருவையே கொன்றவன் எனப் பழைய சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொல்கிறார். கொன்றது பீச் மரத் தடியால் என்று வேறொரு குறிப்பு வரும். அந்தக் கொலைக்கதையை வெட்டி இந்தத் திருட்டுக்கதையில் ஒட்டினால், திருடி பத்தினியாகிவிடுகிறாள். கூடவே மேசைக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு புதிது என்பதற்கு ஒரு சாட்சி அப்போலோ 11 உரையாடல் பதிவில் இருக்கிறது. 1969 ஜூலை 20, இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து விண்வெளி வீரர்களுக்கு அன்றைய செய்திகளை வாசித்தார்கள். நாலாயிரம் ஆண்டாக அங்கே ஓர் அழகான சீனப்பெண் இருக்கிறாளாம், கணவனிடமிருந்து சாகா மாத்திரையைத் திருடியதால் துரத்தப்பட்டாளாம், கூடவே பெரிய முயல் இருக்கும், பட்டை மரத்து நிழலில் பின்னங்காலில் நிற்கும், பார்த்து வையுங்கள் என்று. அந்த முயல்காரியைக் கவனிக்கிறோம் என்று கலத்திலிருந்து பதில் போனது. 1969 வரை, உலகத்துக்குப் போன கதையில் அவள் திருடிதான்.

*

அந்த முயல் நமக்கும் சொந்தம். நிலவைச் சசி, சசாங்கன் என்கிறோமே, ‘சசம்’ என்றால் முயல். பசித்து வந்த கிழவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தானே தீயில் குதித்த முயலை இந்திரன் நிலவில் வைத்த கதை சாதகக் கதைகளில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வாராணசிப் பக்கம் மூன்று விலங்குகளின் தூபி என்று ஒன்றைக் கண்டு, நரி, முயல், குரங்கு மூன்றும் வரும் அந்தக் கதையை எழுதிக்கொண்டு போனார். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிய அதே யுவான் சுவாங்தான். அதை வைத்துச் ‘சீன முயல் இந்தியாவிலிருந்து போனது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பௌத்தம் சீனாவுக்குப் போகும் முன்பே மாவாங்துய் பட்டில் முயல் தாவிக்கொண்டிருக்கிறது. நிலவின் கறையைப் பார்த்தவர்கள் ஆங்காங்கே அவரவர் கண்ணுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு அங்கே பாட்டி வடை சுடுகிறாள்.

இந்திய முயல் தியாகி, சீன முயல் வைத்தியர். உரலும் உலக்கையுமாகச் சாகா மருந்து இடிப்பதுதான் அதன் வேலை. ஜப்பானுக்குப் போனதும் அதே முயல் அதே உரலில் மோச்சி என்ற அரிசிப் பணியாரத்துக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டது.

பெய்ஜிங்கில் இந்த முயலுக்குத் தனி மரியாதை. துர்-யே, நம் வாயில் சொன்னால் முயலய்யா. மிங் காலத்தின் கடைசியிலேயே (பதினேழாம் நூற்றாண்டு) களிமண்ணில் முயல் பிடித்து, உடையும் தொப்பியும் போட்டு, மனிதனைப் போல உட்காரவைத்து, பெண்களும் பிள்ளைகளும் கும்பிட்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. பிறகு தளபதி வேடம் வந்தது: பொற்கவசம், முதுகில் கொடி, கீழே வாகனமாகப் புலி. கதை என்னவென்றால், நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது சாங்-அ முயலை அனுப்பினாளாம். அது வீடு வீடாகப் போய்க் குணப்படுத்தியது. கூலியாகப் பணம் வாங்கவில்லை, உடுப்பு மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது. எண்ணெய்க்காரன் வீட்டில் எண்ணெய்க்காரன் உடை, குறிசொல்கிறவன் வீட்டில் அவன் உடை. அதனால்தான் பொம்மைகள் பல வேடத்தில் இருக்கின்றன. வேடம் எத்தனை மாறினாலும் பிளந்த உதடும் மேலே நீட்டிய இரண்டு காதும் மாறாது. மண்பொம்மையில் முதலில் உடைவதும் அந்தக் காதுகள்தான். காதைத் தனியாகச் செய்து செருகுவார்கள், தூக்கும்போது அதைப் பிடித்துவிட்டால் கையோடு வந்துவிடும்.

முயலய்யாவுக்குப் படையல், காயோடு பிடுங்கிய பச்சைச் சோயாச் செடி. முயலுக்கு வேறென்ன வைப்பது? பக்கத்தில் கோழிக்கொண்டைப் பூ, அது நிலவிலிருக்கும் மரத்துக்குப் பதிலாள். பேரிக்காய் வைத்தாலும் அதை வெட்டிப் பங்கிடுவதில்லை. பேரிக்காய்க்கும் பிரிவுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, லீ. பூசையில் முன் நிற்பது பெண்கள். ‘ஆண் நிலவைத் தொழுவதில்லை, பெண் அடுப்புத் தெய்வத்துக்குப் படைப்பதில்லை’ என்பது வடக்கின் பழைய சொல். நிலவு யின், பெண் பக்கம். அரண்மனை மட்டும் விதிவிலக்கு. 1530இல் பெய்ஜிங்கின் மேற்கே கட்டப்பட்ட நிலவுக் கோவிலில் பேரரசர் படைத்தார், அதுவும் சமநாளில், விழா நாளில் அல்ல. தாய்வீடு போயிருந்த மருமகள் அன்றைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. ‘ஒன்றுகூடும் நாள்’ என்ற இனிப்பான பெயருக்கு அடியில் யார் யாரோடு கூட வேண்டும் என்பதும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது.

*

மரத்துக்கு வருவோம். ஹூஸ்டன்காரர்கள் ‘பட்டை மரம்’ என்று வாசித்தது பிழையும் அல்ல, சரியும் அல்ல. குய் என்ற ஒரே எழுத்து, மசாலாப் பட்டை மரத்துக்கும் வரும், ஆஸ்மாந்தஸ் என்ற மணமரத்துக்கும் வரும். ஆஸ்மாந்தஸ் நம் மல்லிகையின் குடும்பம்தான். அரிசி அளவு மஞ்சள் பூ, ஆனால் ஒரு மரம் பூத்தால் தெருவே மணக்கும். எட்டாம் மாதத்தில் பூப்பதால் அந்த மாதத்துக்கே ‘குய் மாதம்’ என்று பெயர். விழா நாளில் தேநீரிலும் மதுவிலும் இனிப்பிலும் அந்தப் பூவைப் போடுகிறார்கள். இந்த விழாவைப் பொறுத்தவரை நிலவு மரத்துக்கு அந்தப் பூமரத்தைக் கொள்வதே சரி.

தாங் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், துவான் செங்ஷி என்பவர் கேட்ட விந்தைகளையெல்லாம் தொகுத்தார். நிலவில் ஐந்நூறு சாங் உயரத்துக்கு ஒரு குய் மரம் நிற்கிறது. அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அடியில் ஒருவன் ஓயாமல் வெட்டுகிறான். கோடாலியை எடுத்ததும் வெட்டு மூடிக்கொள்கிறது. பெயர் ஊ காங், ஊர் ஸீஹே, சித்தனாகப் பயின்றவன், ஏதோ தப்பு செய்து தண்டிக்கப்பட்டான். என்ன தப்பு என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் பின்னால் வந்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதை நிரப்பினார்கள்.

இதே மரத்தின் கிளையை ஒடிப்பது என்றால், சீனத்தில் தேர்வில் வெற்றி பெறுவது. ‘தேரை மாளிகையில் குய் ஒடித்தல்’ என்பார்கள், தேரை அங்கேயும் விடவில்லை. காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. அரசுப் பணிக்கான மாநிலத் தேர்வு எட்டாம் மாதம் 9, 12, 15 என மூன்று சுற்றாக நடக்கும். மூன்றாவது சுற்று விழா நாளிலேயே. ஊரே நிலவைப் பார்த்துக்கொண்டிருக்க, தேர்வு எழுதுகிறவன் கதவில்லாத சின்னக் கொட்டடிக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான், வெளியே எங்கோ குய் பூ மணக்கும்.

தேர்வும் நிலவும் சேர்ந்த இடத்தில் ஒரு விளையாட்டு பிறந்தது. ஃபூஜியான் கடற்கரையில், குறிப்பாக ஷியாமன் நகரத்தில், இன்றும் இந்த நாட்களில் பீங்கான் கிண்ணத்தில் பகடை உருளும் சத்தம் கேட்கும். போபிங், ‘கேக் பந்தயம்’. பதினேழாம் நூற்றாண்டில் மிங் ஆட்சிக்காகப் போராடிய செங் செங்கோங்கின் படைவீரர்கள் வீட்டு நினைவில் வாடாமலிருக்க ஒரு தளபதி கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். ஆறு பகடை. மொத்தம் 63 கேக்: முதல் மாணவன் சுவாங்யுவானுக்கு 1, அடுத்த படிக்கு 2, அதற்கடுத்து 4, 8, 16, 32. ஆறையும் ஒன்றாகக் கிண்ணத்தில் போட வேண்டும். ஒன்று வெளியே தெறித்தாலும் முறை போச்சு.

சீனப் பகடையில் நான்காம் முகம் சிவப்பு, அதுதான் ராசி. ஒரு நான்கு விழுந்தால் கடைசிப் பரிசு, இரண்டு விழுந்தால் அதற்கு மேல். நான்கல்லாத ஏதாவது எண் நான்கு முறை வந்தால் எட்டு கேக் உள்ள படி. மூன்று நான்குகள் வந்தால் நான்கு கேக் உள்ள படி. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக விழுந்தால் இரண்டாமிடம். நான்கு நான்குகளோ, ஒரே எண் ஐந்து முறையோ வந்தால் சுவாங்யுவான். நான்கு நான்குகளோடு இரண்டு ஒன்றுகள் விழுந்தால் அதைத் தாண்ட ஒன்றுமில்லை. முதலில் சுவாங்யுவான் ஆனவன் மகிழ்ந்துவிடக் கூடாது, பின்னால் உயர்ந்த சுவாங்யுவான் விழுந்தால் பெரிய கேக் கை மாறும்.

ஆட்டம் எங்கே இழுக்கும் தெரியுமா? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு நான்கு விழ வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு, 32 கேக்கும் எண்பதுத் தொண்ணூறு வீச்சில் தீரும். மூன்று நான்குகளுக்கு நூற்றில் ஐந்துக்கும் மேல், ‘வேறு எண் நான்கு முறை’ என்பதற்கு நூற்றில் நான்குதான். அதாவது கீழ்ப்படி மேல்படியைவிட அரிது. அந்தக் கீழ்ப்படிக்கு எட்டு கேக் வேறு இருக்கிறது, அவை தீர சராசரியாக இருநூறு வீச்சு வேண்டும். சுவாங்யுவானே 83 வீச்சுக்கு ஒருமுறை வந்துவிடுவான். அதனால் பெரிய பரிசெல்லாம் போன பிறகும் நடுப்படிக் கேக் ஒன்றிரண்டு கிண்ணத்தருகே கிடக்க, எல்லோரும் கொட்டாவியோடு உருட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது கேக்குக்குப் பதில் துண்டு, ஷாம்பு, சோப்பு என்று வைக்கிறார்கள். அறுபத்து மூன்று கேக்கை யார் தின்பது என்ற கேள்வி ஷியாமன்காரர்களுக்கும் வந்துவிட்டது.

*

நிலாக் கேக் கதைகளிலேயே அதிகம் சுற்றுவது கலகக் கதை. மங்கோலிய யுவான் ஆட்சியைக் கவிழ்க்க ‘எட்டாம் மாதம் பதினைந்தில் எழுங்கள்’ என்று சீட்டெழுதிக் கேக்குக்குள் வைத்து அனுப்பினார்கள், ஒரே இரவில் ஊர் எழுந்தது என்று. யோசனை மிங் ஆட்சியை நிறுவியவரின் ஆலோசகர் லியூ போவன் கொடுத்தது என்பார்கள், சிலர் வேறு தலைவரைச் சொல்வார்கள். இது நடக்கவில்லை. கலகம் 1351இலேயே தொடங்கி 17 ஆண்டு நீண்ட போர். மிங் படை தலைநகர் தாதூவுக்குள் (இன்றைய பெய்ஜிங்) நுழைந்தது 1368 செப்டம்பர் 14, அதாவது எட்டாம் மாதம் 2ஆம் நாள். விழாவுக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. தவிர, விழாவுக்குக் கேக் கொடுத்து வாங்கும் வழக்கம் தெளிவாக எழுத்தில் வருவதே மிங் காலத்தில், 16ஆம் நூற்றாண்டு ஹாங்சோ வருணனையில். அங்கே சொல்லும் காரணம் ‘வட்டம், அதனால் ஒன்றுகூடல்’ என்பது மட்டும். பின்னால் மஞ்சூக்களின் ச்சிங் ஆட்சியின் கடைசியில் (இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்), மஞ்சூ எதிர்ப்பு சூடுபிடித்தபோது இந்தக் கதைக்கு நல்ல கிராக்கி இருந்தது.

கேக்கைப் பற்றிச் சொல்லத் தகுந்தது அதன் செய்முறையில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க விற்கும் கேன்டனீய வகைக்கு: மைதா 200 கிராம், பாகு 150, கடலை எண்ணெய் 50, காரத் தண்ணீர் (அல்கலி கரைசல், மிளகாய்க் காரம் அல்ல) 4. பாகைச் சும்மா சர்க்கரை கரைத்துச் செய்ய முடியாது. எலுமிச்சைச் சாறு விட்டுச் சிறுதீயில் கிளறாமல் காய்ச்சி, குறைந்தது இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடுவதால் அது மீண்டும் கட்டியாகாது, ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். காரத் தண்ணீர் அந்தப் புளிப்பைத் தணித்து, மேல்தோலுக்குச் செம்பழுப்பைக் கொடுக்கும். குறைந்தால் கேக் வெளிறும், கூடினால் கருத்துச் சோப்பு வாடை வரும். மாவைப் பிசைந்து ஒரு மணி நேரமாவது மூடி வைக்க வேண்டும். 100 கிராம் அச்சுக்கு மாவு 30, தாமரை விதை விழுது 70, நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. முட்டை வைத்தால் அதன் எடையை விழுதில் கழிக்க வேண்டும். அந்த மஞ்சள் கருதான் நிலவு.

200 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம், அச்சு இறுகியதும் வெளியே எடுத்து, ஆறியபின் முட்டைக் கலவையை மெல்லிசாகத் தடவி, 180இல் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். தூரிகையை வழித்துத் தடவாவிட்டால் முட்டை பள்ளங்களில் தேங்கும், சாங்-அவின் முகமெல்லாம் மூடிப்போய் வெறும் மஞ்சள் வட்டம் மிஞ்சும். விழுதில் ஈரம் இருந்தால் இடுப்பு பிதுங்கி, ஓரம் வெடிக்கும். அடுப்பிலிருந்து வந்ததும் தோல் பிஸ்கட் போலக் கடக்கென்று இருக்கும். பயந்து தூக்கிப் போடக் கூடாது. காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால், விழுதின் எண்ணெயும் பாகின் ஈரமும் தோலுக்கு ஏறி, அது மெத்தென்று பளபளக்கும். ‘எண்ணெய் திரும்புதல்’ என்பார்கள். எனவே பதினைந்துக்கு வேண்டிய கேக்கைப் பன்னிரண்டுக்குள் சுட்டு முடிக்க வேண்டும். வெட்டும்போது தலைக்கொரு துண்டு, ஊரில் இல்லாதவருக்கும் சேர்த்து எண்ணுவது பழைய வழக்கம். ஒருவருக்கு முழுக் கேக் என்று உட்கார்ந்தால் பாதியில் திகட்டிவிடும், அது பங்கிடுவதற்கென்றே செய்த அளவு.

*

அறுவடை விழா என்கிறோமே, வயல் எங்கே? டப்பா மூடியில் இல்லை, ஆனால் தெற்கில் இன்னும் இருக்கிறது. குவாங்தோங் பக்கம் மேசையில் சேப்பங்கிழங்கு தவறாமல் வரும், தோலோடு அவித்து. அங்கேயே உரித்துத் தின்பதற்குப் ‘பேய்த்தோல் உரிப்பது’ என்று பெயர். பக்கத்தில் பம்பளிமாசு, எருமைக் கொம்பு போல வளைந்த நீர்க்காய். தைவானில் உழவர்கள் மூங்கில் கழி ஒன்றில் பொன்தாளைச் செருகி வயலில் நட்டு வைப்பார்கள். நிலத் தெய்வம் வயதானவர், வரப்பில் நடந்து பயிரைப் பார்க்க அவருக்கு ஓர் ஊன்றுகோல். வசந்தத்தில் வேண்டுவதும் இலையுதிர்காலத்தில் நன்றி சொல்வதும் பழைய நிலத்தெய்வ வழிபாட்டின் இரண்டு கை. அந்த நன்றி நாள் இந்த நாட்களை ஒட்டியே வரும், காலப்போக்கில் நிலவு விழாவுக்குள் கரைந்துபோனது. உழவருக்கென்று தனி நாள் வேண்டும் என்று சீன அரசு 2018 முதல் சமநாளில் அறுவடை விழா ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது.

அறுத்த வைக்கோலுக்கும் வேலை உண்டு. ஹாங்காங்கில் தாய் ஹாங் என்ற பகுதியில் 1880இல் புயலுக்குப் பின் கொள்ளைநோய் வந்தது. நாகம் ஒன்றை அடித்த பாவம் என்று நம்பி, வைக்கோலும் கயிறுமாக ஒரு டிராகன் கட்டி, உடல் முழுக்க ஊதுபத்தி செருகி, மூன்று இரவு தெருவில் ஆட்டினார்கள். இன்றும் ஆட்டுகிறார்கள். 67 மீட்டர், 32 கண்ணி, பல்லாயிரம் ஊதுபத்தி. பத்தி எரிந்து தீர்ந்ததும் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும், அதற்கென்றே ஆட்டத்தை நிறுத்துவார்கள். பிடுங்கிய குச்சிகளைச் சுற்றி நிற்பவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். தலையைத் தூக்குகிறவர்கள் ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

2026இல் விழா செப்டம்பர் 25. அந்த முறை நிலவு முழுமை அடைவது சீன நேரத்தில் 27ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, பதினேழாம் நாளில். மேசை 25 அன்றுதான். மேகம் மூடியிருந்தாலும் மேசையை எடுத்துவிட மாட்டார்கள், கிழக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். ‘எட்டாம் மாதம் பதினைந்தில் மேகம் நிலவை மறைத்தால், முதல் மாதம் பதினைந்தில் பனி விளக்கின்மேல் விழும்’ என்றொரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அடுத்த விளக்குத் திருநாள் 2027 பிப்ரவரி 20. வடசீனாவில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் அன்று இரவு ஜன்னலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.